பெட்டிக் கட்சியும் முக்கோணக் கட்சியும்

பல்கலைக்கழக வாசல் காவலாளியிடம் அவள் பெயரைச் சொன்னால் விழிப்பார். அம்பு மேடம் என்று சொன்னால் உடனே, "மூணாவது மாடி, லிஃப்டுக்கு இடது பக்கம்" என்பார். கரும்பலகை வாங்கிக்கொடுத்த பட்டம் அது. மற்ற கணித ஆசிரியர்கள் பாடம் நடத்திவிட்டுப் போன பலகையில் எண்ணும் எழுத்தும் நிறைந்திருக்கும். இவள் போன பிறகு அம்புக்குறிகள்தான் மிஞ்சும். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு ஓர் அம்பு, அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வேறோர் அம்பு, அந்த இரண்டு அம்புகளுக்கும் நடுவே தடிமனாக மூன்றாவது. அடுத்த வகுப்புக்கு வரும் வேதியியல்காரர், "போர் முடிஞ்சுதா மேடம்?" என்று கேட்டபடியே துடைப்பானை எடுப்பார்.

"இன்னிக்கு இவ்வளவுதான் சார், மிச்சம் நாளைக்கு" என்று இவளும் கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு வெளியேறுவாள்.

கணவர் கண்ணாடிக்கடைக்காரர். கடைத்தெரு திரும்புகிற இடத்தில், மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிற கடை. முன்னால் சட்டங்கள் அடுக்கிய அலமாரி, திரைக்குப் பின்னால் கண் பார்க்கும் நாற்காலி, அதற்கும் பின்னால் வில்லைகளின் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரம். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது கண்ணாடி போட்டுக்கொள்ள அங்கே போனவள்தான். வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இதுவும் அதுவும் ஒண்ணா இருக்கா, வேறயா இருக்கா?" என்று அவர் கேட்டதற்கு, "எந்த அர்த்தத்துல ஒண்ணு?" என்று இவள் திருப்பிக் கேட்டாளாம்.

"அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, இது பவர் போட்டு சரியாகுற கேஸ் இல்லன்னு" என்று அவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் உடன் சிரிப்பாள். ஆனால் அந்தக் கேள்வியை அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவள் பிழைப்பே அந்தக் கேள்விதான்.

கல்யாணம் பேசி முடிந்த பிறகு ஒருநாள் அவருக்கு விளக்கப் பார்த்தாள். "உங்க கடையிலருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு வழி இருக்கு. நடுவுல வெறும் மைதானம்னா, ஒரு வழிய அப்படியே கொஞ்சம் கொஞ்சமா நகத்தி இன்னொரு வழி மேல கொண்டுபோய் வச்சிடலாம். அப்ப ரெண்டும் ஒண்ணுதான். நடுவுல ஒரு குளம் இருந்தா நகத்த முடியாது. அப்ப வேற வேற. எந்த வடிவத்துல எத்தன குளம் இருக்குன்னு, உள்ள போய்ப் பாக்காம வழிகள மட்டும் வச்சு கண்டுபிடிக்கிறதுதான் டோபாலஜி."

அவர் விரலால் மேசைமேல் இரண்டு வழியையும் போட்டுப் பார்த்தார். "இதுக்குன்னு ஒரு டிபார்ட்மென்ட்டே இருக்கா?"

"டிபார்ட்மென்ட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்."

அப்போது அவள் முனைவர் பட்டத்துக்குச் செய்துகொண்டிருந்ததும் வழிகளைப் பற்றித்தான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற வழிகள், கண்ணிகள். அதை முடித்ததும் வேலை தேடி ஊர் ஊராகப் போனாள். ஓரிடத்தில் இரண்டு வருஷம், இன்னோரிடத்தில் ஒரு வருஷம் என்று எல்லாம் ஒப்பந்த வேலை. கணவர் கடையை விட்டு நகர முடியாதவர். மகள் பிறந்தபோது, கணவரின் அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ், தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டோடு இருந்துவிட்டாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலில் திரும்பும் தம்பி மனைவியைப் பார்த்து, "நீ போற வழியும் வர்ற வழியும் ஒண்ணா வேறயான்னு மொதல்ல கண்டுபிடி, அப்புறம் ஊரு வழியெல்லாம் பாக்கலாம்" என்பாள். சொல்லிக்கொண்டே குழந்தையின் துணிகளை மடித்து வைப்பாள்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை கிடைத்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டிருந்தாள். அதன் பிறகுதான் அம்பு மேடம் தன் பெரிய வேலையில் இறங்கினாள்.

ஒரு வழியை நகர்த்தி இன்னொரு வழியாக்கலாம் என்றால், அப்படி நகர்த்துவதற்கே பல விதங்கள் இருக்கும். ஒரு விதத்தை இன்னொரு விதமாக மாற்றலாமா? மாற்றலாம் என்றால், அந்த மாற்றத்துக்கும் பல விதங்கள் உண்டு. இப்படி மாடிமேல் மாடியாக முடிவில்லாமல் போகும். இந்த மாடிகள் அத்தனையையும் ஒரே கட்டடமாக, ஒன்றின்மேல் ஒன்று இடிந்து விழாமல் நிற்கவைக்க ஒரு வரையறை வேண்டும். அந்தத் துறைக்கு ஹையர் கேட்டகிரி தியரி என்று பெயர். வரையறை செய்ய வந்தவர்கள் ஆளுக்கொரு செங்கல்லைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் முக்கோணங்களை வைத்துக் கட்டினார்கள். இவள் பெட்டிகளை வைத்துக் கட்டினாள்.

பெட்டிதான் இயல்பானது என்பது அவள் வாதம். ஒரு வழியை நகர்த்தினால் அது கடந்துபோகும் இடம் சதுரம். சதுரத்தை நகர்த்தினால் பெட்டி. இதில் முக்கோணத்துக்கு எங்கே வேலை? வீட்டுக் கூடத்தில் அட்டைகளை வெட்டி ஒட்டிப் பார்ப்பாள். ஐந்து வழிகளைச் சேர்க்கையில் எதை முதலில் சேர்ப்பது என்கிற எல்லா வரிசைகளையும் புள்ளிகளாக வைத்தால் ஆறு ஐங்கோணமும் மூன்று நாற்கரமும் சேர்ந்த ஓர் உருவம் வரும். அதைச் செய்ய மகளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். மகள் எல்லா ஐங்கோணத்தையும் ஒரே அளவில் அழகாக வெட்டிக் கொடுத்தாள். ஒட்டினால் மூடவே இல்லை. "கோணலா வெட்டினாதான் மூடும்" என்று அம்மா சொன்னதும் அந்தப் பெண் கோபித்துக்கொண்டு அத்தையிடம் போய்விட்டது.

பெட்டி வரையறை வெளிவந்தது. அதைப் படித்துச் சிலர் மெயில் எழுதினார்கள். மாணவர்கள் சேர்ந்தார்கள், அவர்களும் பெட்டி கட்டினார்கள். சுருக்கமாகச் சொன்னால் ஒரு கட்சி உருவாகிவிட்டது. கட்சி என்றால் எதிர்க்கட்சி இல்லாமலா?

அந்த எதிர்க்கட்சி வேறொரு ஊரில் ஒரு பேராசிரியர். நெட்டையான ஆள், மெல்லிய குரல். முக்கோணங்களை வைத்து அவர் எழுதிய கட்டுரை இவளுடையதற்குச் சில மாதங்கள் பிந்தி வந்தது, நீளத்தில் பாதி. வருஷாவருஷம் மாநாட்டில் இவள் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து கை உயரும். "ரொம்ப அருமை மேடம். இதையே முக்கோணத்துல செஞ்சா ரெண்டு பக்கம் குறையுமே?" அவ்வளவுதான் கேள்வி. இவள் பதில் சொல்வாள், சபை சிரிக்கும், வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பொரிந்து தள்ளுவாள். வீட்டில் அவருக்கு எதிர்க்கட்சி என்றே பெயர் விழுந்துவிட்டது. மாநாட்டிலிருந்து அவள் திரும்பியதும் கணவர் பையை வாங்கி வைத்துக்கொண்டே, "எதிர்க்கட்சி என்ன சொல்றார்?" என்று கேட்பார்.

"முயலுக்கு மூணே கால்ங்கிறார்" என்பாள்.

"நீ என்ன சொன்ன?"

"நான் நாலுன்னு சொன்னேன். எண்ணிப் பாத்துதான் சொன்னேன்."

இப்படியே பல வருஷம் ஓடியது. ஒருமுறை மாநாடு இவள் ஊரிலேயே நடந்தது. முதல் நாள் மதியம் எதிர்க்கட்சி தன் கண்ணாடியைத் தன் நாற்காலியில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அது இல்லாமல் அவருக்கு எதிரில் வரும் ஆள் தெரியாது. விருந்தாளியை அப்படியே விடமுடியுமா? இவள்தான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவள் பயம் கணவரின் வாயைப் பற்றித்தான்.

நினைத்தது நடந்தது. "வாங்க, வாங்க" என்று எழுந்த கணவர், ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதிர்க்கட்சித் தலைவரா?" என்றார்.

அவளுக்கு எங்கே போய் ஒளிவதென்று தெரியவில்லை. வந்தவரோ முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார். "எங்க வீட்ல மேடத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸ்னு பேரு" என்றார்.

கண்ணைப் பார்த்து, சட்டம் தேர்ந்து, கணவர் உள்ளே வில்லை தேய்க்கப் போய்விட்டார். இருவரும் கல்லாவுக்கு முன்னால் ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி இல்லாததாலோ என்னவோ, அவர் வழக்கமான மரியாதைப் பேச்சை விட்டுவிட்டு நேராகச் சொன்னார்.

"மேடம், நீங்க கட்டினதும் நான் கட்டினதும் ஒரே வீடுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்."

"எனக்கும்தான் சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

பெட்டியை முக்கோணங்களாக வெட்டுவது சுலபம். குறுக்கே ஒரு கோடு கிழித்தால் போதும். திரும்பி வருவதுதான் கஷ்டம். முக்கோணக் கட்டடத்தில் உள்ள எல்லாவற்றையும், எந்த மாடியும் விட்டுப்போகாமல், பெட்டிகளின் மொழிக்குக் கொண்டுவர வழி தெரியவில்லை. அன்று கண்ணாடி தயாராகும் முன்பே இருவரும் சேர்ந்து பார்ப்பதென்று முடிவாகிவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தவர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரம் கோட் மாட்டி வச்சிருக்குன்னு நெனச்சேன், யாரோ உக்காந்திருக்கார்" என்றார். கண் பார்க்கக் காத்திருந்த ஒரு பெரியவர்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் போன் வரும். நாத்தனார் எடுத்தால், "உன் எதிர்க்கட்சி லைன்ல இருக்கார்" என்று அவருக்குக் கேட்கும்படியே கூப்பிடுவாள். ஒரு வாரம் வேலை சாண் ஏறும், மறுவாரம் முழம் சறுக்கும். அவர் ஒரு வழி சொல்வார், இவள் அதில் ஓட்டை கண்டுபிடிப்பாள். இவள் ஒரு வழி சொல்வாள், அவர் மரியாதையாக அதைக் கொன்றுவிடுவார். இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படி. மகள் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டாள். "அம்மா, நீயும் அவரும் பேசற பேச்சுக்கு ரெண்டு நாட்டு எல்லைப் பிரச்சினையே தீந்திருக்கும்" என்றாள்.

இதற்கு நடுவில் கண்ணாடிக்கடைக்காரருக்கே கண்ணில் புரை விழுந்தது. ஊருக்கெல்லாம் கண் பார்த்தவர் தன் கண்ணை ஒத்திப்போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் அக்கா அதட்டிய அதட்டலில் அவள் ஆஸ்பத்திரியிலேயே அறுவைக்குச் சம்மதித்தார். அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனதும், அம்பு மேடம் நீண்ட தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் காகிதம் இல்லை. பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, எதிரே டிவியில் சத்தமில்லாமல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்த யோசனை எப்படி வந்தது என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு அவளால் சொல்லவே முடியவில்லை. இத்தனை நாளாக அவளும் எதிர்க்கட்சியும் பெட்டியை வெட்டி வெட்டித்தான் முக்கோணம் தேடினார்கள். வெட்டவே வேண்டாம். பெட்டியின் ஒரு பக்கத்தை முழுசாகக் கிள்ளி ஒரே புள்ளியாக்கிவிட்டால் அதுவே முக்கோணம். முக்கோணம் என்பது ஒரு பக்கம் சுருங்கிப்போன பெட்டி, அவ்வளவுதான். சதுரத்தில் பார்த்தாள், நின்றது. பெட்டியில் பார்த்தாள், நின்றது. அதற்கு மேல் மனசுக்குள் பார்க்க முடியாத மாடிக்குப் போனாள். அங்கேயும் நிற்கும் என்று தோன்றியது.

தள்ளுநாற்காலியில், ஒரு கண்ணில் வெள்ளை மூடியோடு கணவர் வந்தார்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது. உனக்கு?"

"எனக்கு என்ன?"

"மூஞ்சியப் பாத்தா தெரியுது. ஒரு கண்ணே போதும்."

அவள் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற நாத்தனார், "ஆபரேஷன் இவனுக்கு, அழுகை உனக்கா?" என்று இருவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

அப்புறம் நிரூபணத்தின் நான்காவது மாடியில் ஓர் இடம் இடித்தது. சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் ஒருநாள், பல்கலைக்கழகப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அதன் மறுபக்கம் உறைத்தது. இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபணமாகிவிட்டால், இரண்டு எதற்கு? எது எழுதச் சுருக்கமோ அதைத்தான் உலகம் எடுத்துக்கொள்ளும். அவருடையதுதான் சுருக்கம். மாநாட்டில் அத்தனை வருஷம் அவள் மறுத்து வந்த அந்த இரண்டு பக்கம் உண்மையிலேயே குறைகிறது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தாள்.

வீட்டில் சொன்னாள். "உங்க மொழில சொன்னா, சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேன்."

நாத்தனார்தான் கேட்டாள்: "அந்தாளுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல அண்ணி."

"அப்ப சும்மா இரேன். யாரு கேக்கப் போறா?"

கேட்க ஆளில்லைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே போன் செய்தாள். முழுவதையும் சொல்லி முடித்த பிறகு மறுமுனையில் காகிதத்தில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது.

"மேடம்" என்றார் கடைசியில். "இது வெளில வந்தா பெட்டி போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"உக்காந்திருக்கிற கிளைய நீங்களே வெட்டுறீங்க. இப்படியே விட்டா ரெண்டு கட்சியும் இன்னும் இருபது வருஷம் ஓடும். பசங்களுக்கும் வேலை இருக்கும்."

"ஓடும். ஆனா தெரிஞ்சிடுச்சே சார். தெரியாத மாதிரி எப்படி இருக்கறது?"

அவர், "நான் ஒரு மண்டு. பெட்டிய வெட்டிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

கட்டுரையை எழுதும்போதுதான் உண்மையான சண்டை வந்தது. பெட்டி வரையறைதான் முதலில் வந்தது, கடைசிப் படியும் மேடத்துடையது என்று அவர் முன்னுரையில் எழுதினார். அவள் அடித்தாள். அவர் திரும்ப எழுதினார்.

"இதெல்லாம் எதுக்கு சார்? கணக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே."

"நீங்க அடிங்க, நான் எழுதுறேன். யாருக்கு மொதல்ல கை வலிக்குதுன்னு பாப்போம்."

அவளுக்குத்தான் முதலில் வலித்தது. வாக்கியம் நின்றது.

நினைத்தபடியே எல்லாம் நடந்தது, ஆனால் நினைத்ததைவிடச் சீக்கிரமாக. பெட்டியில் அவளும் மாணவர்களும் நிரூபித்திருந்த தேற்றங்கள் ஒன்றுகூட வீணாகவில்லை; எல்லாம் அப்படியே முக்கோணத்துக்கு மாறிக்கொண்டன. அவற்றைப் படிக்கப் பெட்டி தெரிந்திருக்க வேண்டிய அவசியம்தான் இல்லாமல் போயிற்று. சில வருஷத்தில் இளம் பேராசிரியர் ஒருவர் தடித்த பாடநூல் எழுதினார். அதில் பெட்டிக்கு ஒரு குறிப்பு உண்டு. மகள் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்து பக்கத்தைத் தேடிப் பிடித்துக் காட்டினாள். நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"பொம்பள ராப்பகலா கெடந்து செத்ததுக்கு ஒரே ஒரு வரியா?"

"நல்ல வரி அண்ணி. தப்பில்லாம எழுதியிருக்கார்."

அப்படிச் சொன்னாளே தவிர, அந்த வருஷம் அவளுக்கு வேலை ஓடவில்லை. பாடம் நடத்தினாள், தேர்வுத்தாள் திருத்தினாள், மேசை இழுப்பறைகளை ஒழித்துச் சுத்தம் செய்தாள். சுண்ணாம்புக்கட்டியை எடுத்தால் கை தானாகச் சதுரம் போட்டது. மகள் தான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து அடிக்கடி வந்து போனாள். கணவர் மாலையில் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். "என்ன யோசிக்கிற?" என்று அவர் கேட்கவில்லை. அதற்காக அவள் அவரிடம் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள், தன் பழைய ஆய்வேட்டைத் தூசி தட்டி எடுத்தாள். அதன் கடைசிப் பக்கத்தில், கண்ணிகளைப் பற்றி ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு, இதற்கு இன்றுள்ள கருவிகள் போதாது என்று இளம்வயது வீறாப்போடு எழுதியிருந்தாள். இப்போது கருவி இருக்கிறதே என்று நினைத்தாள். முக்கோணக் கருவி. ஆனால் அவளுக்கு அதைப் பிறருக்கு விளக்கத் தெரியுமே தவிர, கைப்பழக்கம் இல்லை. சைக்கிளைப் பற்றிப் புத்தகம் எழுதியவள் சைக்கிள் ஓட்டத் தெரியாமல் நின்ற கதை.

எதிர்க்கட்சி, ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கோடைப் பள்ளி நடத்துகிறார் என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தாள். மற்ற மாணவர்களைப் போலவே அலுவலகம் வழியாக, அவரிடம் சொல்லாமல் விண்ணப்பித்தாள்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்து பலகை பக்கம் போனவர், மூன்றாவது பெஞ்சில் இவளைப் பார்த்ததும் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியைத் தவறவிட்டார். "மேடம், நீங்க பேச வந்தீங்களா? ஷெட்யூல்ல இல்லையே?"

"கத்துக்க வந்தேன் சார். நீங்க நடத்துங்க."

அன்று அவர் சொதப்பாத இடமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "ஆன்ட்டி, இவரு எப்பவுமே இப்படித்தான் பதறுவாரா? நீங்க எந்த வருஷம் பிஎச்டி?" என்று கிசுகிசுத்தாள். "இப்பதான் சேந்திருக்கேன்ம்மா" என்றாள் அம்பு மேடம்.

மறுநாளிலிருந்து அவர் தேறிவிட்டார். மாலை பயிற்சிக் கணக்குகள் தந்தார். இவளும் செய்து கொடுத்தாள். திருத்தி வந்த தாளைப் பார்த்ததும், எல்லோரும் போகும்வரை இருந்து மேசைக்குப் போனாள்.

"மூணாவது கணக்குல அரை மார்க் குறைச்சிருக்கீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விடை சரிதான் மேடம். நடுவுல ஒரு படி விட்டுப்போச்சு."

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச படி."

"பெட்டில எல்லாருக்கும் தெரியும். முக்கோணத்துல எழுதிக் காட்டணும்."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அவர் சொன்னது நியாயம்தான். விடுதி அறைக்குப் போய், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து விட்டுப்போன படியை எழுதினாள். எழுதிவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள். அரை மார்க் கதையைக் கேட்டு நாத்தனார் சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு போனைத் தம்பியிடம் கொடுத்தாள்.

"என்ன, ஸ்கூல் புடிச்சிருக்கா?" என்றார் கணவர்.

"புடிச்சிருக்கு" என்றாள். சொல்லும்போதே அது உண்மை என்பது அவளுக்குத் தெரிந்தது.

கண்ணிகளைப் பற்றிய அந்தக் கேள்விக்கு விடை பாதிதான் கிடைத்தது, அதுவும் அவள் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருஷம். மறுபாதி அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. அதை அவள் ஒரு குறையாக நினைக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மூன்றாவது மாடிக்கு வருகிறாள். துறை ஒரு சின்ன அறையும் ஒரு பலகையும் விட்டுக்கொடுத்திருக்கிறது. போன வாரம் மகள் கூட வந்திருந்தாள். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த மிச்சப் பாதி முடியுமாம்மா?" என்று கேட்டாள்.

"தெரியலடி" என்றாள். "நகரு, வெளிச்சத்த மறைக்கிற."